வசதியானவர்கள் வரியைப் பற்றிப் பேசும்போது...

வரி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரு காட்சி மாறாமல் நடக்கிறது. தொலைக்காட்சி விவாதத்திலோ யூடியூபிலோ ஒருவர் வந்து அமர்வார். இரண்டு மூன்று கம்பனிகளின் பணிப்பாளர் சபையில் இருப்பவராக இருப்பார், அல்லது பரம்பரையாகச் சொத்துள்ள குடும்பத்தவராக இருப்பார். அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும், மானியங்களை நிறுத்த வேண்டும், வரியைக் கூட்டினால் முதலீடு ஓடிவிடும் என்று தெளிவாக, நல்ல தமிழிலோ சிங்களத்திலோ விளக்குவார். மறுநாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது அதே பேச்சு தொடரும். “அவர் கோடீஸ்வரர், நம்ம கஷ்டம் அவருக்கு எங்க விளங்கப் போகுது” என்று ஒருவர் தள்ளிவிடுவார். “கோடி கோடியா உழைச்ச மனிசனுக்குத் தெரியாத பொருளாதாரமா உங்களுக்குத் தெரியும்” என்று இன்னொருவர் மடக்குவார். அந்த மனிதர் என்ன சொன்னார், அது சரியா பிழையா என்பதை இருவருமே தொட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு இந்த இரண்டு பதில்களிலும் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்வதற்கு 2019ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த வருடம் நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு புதிய அரசாங்கம் வரிகளை வெட்டியது. 15 சதவீதமாக இருந்த வற் வரி டிசம்பர் 1 முதல் 8 சதவீதமானது. 2 சதவீத தேச நிர்மாண வரி ஒழிக்கப்பட்டது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் வருடாந்தப் புரள்வு எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்ந்தது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டாயமாகக் கழிக்கப்பட்ட வரி 2020 ஜனவரியுடன் நின்றது. தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம் 24இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது.

வர்த்தக உலகின் பெரும்பகுதி இதை வரவேற்றது. வரி குறைந்தால் மக்கள் கையில் காசு புழங்கும், வியாபாரம் பெருகும், பெருகிய வியாபாரத்திலிருந்து அரசாங்கத்துக்கு வருமானம் தானாக வரும் என்றார்கள். நடந்தது வேறு. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதமளவில் இருந்த அரச வருமானம் 2022இல் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. உலகிலேயே மிகக் குறைந்த வீதங்களில் அதுவும் ஒன்று. கொவிட் வந்ததால்தான் என்று சிலர் இன்றும் வாதாடுகிறார்கள். கொவிட்டுக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொவிட் எல்லா நாடுகளுக்கும் வந்தது. நம் நாடு அதற்குள் நுழையும்போதே வரி வலையைத் தானாகக் கிழித்துக்கொண்டு நுழைந்தது. சர்வதேசக் கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நம்மைக் கீழே இறக்கின, வெளியில் கடன் வாங்கும் வாசல் மூடியது, இங்கே மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தோம். அடுத்து வந்த எரிவாயு வரிசையும் பெற்றோல் வரிசையும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்த வரிக்குறைப்பு நாட்டை வங்குரோத்தில் கொண்டு போய் விடும் என்று தேர்தலுக்கு முன்னரே எச்சரித்தவர் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர. அவர் எதிரணியில் நின்ற அரசியல்வாதி. தேர்தலில் தன் தரப்பு வெல்ல வேண்டும் என்ற நலன் அவருக்கு இருந்தது. ஏழையும் அல்ல, அரசியல் குடும்பத்தில் பிறந்தவர். ‘இவர் தன் கட்சிக்காகப் பேசுகிறார்’ என்று அன்று பலர் அவரை ஒதுக்கினார்கள். கட்சிக்காகப் பேசினார் என்பதும் உண்மை, சொன்னது சரி என்பதும் உண்மை. 2021 ஓகஸ்டில் கொவிட் அவரைக் கொண்டு போனது. தன் எச்சரிக்கை பலித்ததைக் காண அவர் இருக்கவில்லை. பேசுபவரின் நலனை மட்டும் பார்த்து வாதத்தைத் தூக்கி எறிவதன் விலை இப்படித்தான் வந்து சேரும்.

வரி குறைந்தால் விலை குறையும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு உதாரணம் சீனி. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி ஒரு கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி ஒரே இரவில் 25 சதமாக்கப்பட்டது. கடையில் நாம் வாங்கிய சீனி 50 ரூபா இறங்கியதா? இல்லை. குறைந்த வரியில் இறக்கியவர்களின் இலாபமாக அது போனது. அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பை ஏறத்தாழ 16 பில்லியன் ரூபா என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் கணக்கிட்டது. வரிக்குறைப்பு என்பது பொதுவான ஒரு நன்மை போலப் பேசப்படும்போதெல்லாம் எனக்கு இந்தச் சீனிதான் நினைவுக்கு வரும். யாருடைய வரி குறைகிறது, குறைந்த காசு யாருடைய சட்டைப் பையில் விழுகிறது என்று கேட்காமல் விடக்கூடாது.

நம் சமூகத்தில் படித்த சிலர் இந்த இடத்தில் இப்னு கல்தூனைக் கொண்டு வருவார்கள். ஓர் ஆட்சியின் தொடக்கத்தில் வரி வீதம் குறைவு, திரட்டும் தொகை அதிகம். முடிவில் வீதம் அதிகம், தொகை குறைவு என்று அவர் முகத்திமாவில் எழுதியது உண்மைதான். அமெரிக்க ஜனாதிபதி றேகன் 1981இல் செய்தியாளர்கள் முன்னிலையில் அதை எடுத்துச் சொன்னார். வரிக்குறைப்புக்கு ஒரு முஸ்லிம் அறிஞரின் சான்றிதழ் என்று நமக்கும் ஒரு பெருமை. ஆனால் அதே நூலில் அவர் ஏன் வீதம் கூடுகிறது என்றும் சொல்கிறார்: ஆட்சியாளரும் அவரைச் சூழ்ந்தவர்களும் ஆடம்பரத்தில் மூழ்குவதால். ஆட்சியாளர் வியாபாரத்தில் இறங்குவது குடிமக்களுக்குக் கேடு, வரி வருமானத்துக்கும் கேடு என்று தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். அரசுதான் மிகப் பெரிய சந்தை, அது செலவைப் பிடித்து வைத்தால் சந்தை படுத்துவிடும், வரியும் குறைந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார். செலவை வெட்டு என்பவர்கள் இந்தக் கடைசி விடயத்தை மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

செலவு என்று வந்ததால் அதையும் பார்த்துவிடுவோம். ‘மானியம் கொடுத்தே நாடு அழிந்தது’ என்பது வசதியான விமர்சகர்களின் விருப்பமான வசனம். 2023இல் அரசாங்கத்தின் மொத்த வருமானம் சுமார் 3,050 பில்லியன் ரூபா. அதே வருடம் வட்டிக்கு மட்டும் போனது சுமார் 2,450 பில்லியன். நூறு ரூபா வந்தால் எண்பது ரூபா வட்டி. அரச ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, பாடசாலை எல்லாவற்றுக்கும் மிஞ்சியது இருபது, மீதிக்கு மறுபடி கடன். வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவுக்கு 2024இல் ஒதுக்கியது 200 பில்லியன் அளவில்தான். அஸ்வெசும பட்டியலில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. தகுதியானவர் விடுபட்டதும் தகுதியில்லாதவர் சேர்ந்ததும் எல்லா ஊரிலும் நடந்தது. ஆனால் வட்டியை விட்டுவிட்டு அஸ்வெசுமவில் செலவுக் குறைப்பைத் தொடங்கும் ஒருவரிடம், ‘வட்டியைப் பற்றி ஏன் பேசவில்லை’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்த வட்டி வானத்துக்குப் போவதில்லை. திறைசேரி முறிகளையும் உண்டியல்களையும் வைத்திருக்கும் வங்கிகள், நிறுவனங்கள், வசதியுள்ள தனிநபர்கள், நம் ஊழியர் சேமலாப நிதியம் ஆகியோரிடம் போகிறது. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது இதில் யார் சுமையை ஏற்பது என்ற கேள்வி வந்தது. வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே நிறைய வரி கட்டுகின்றன, அவற்றை அசைத்தால் வைப்பாளர்களுக்கு ஆபத்து என்றார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. சுமை ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதிகளின் தலையில் விழுந்தது. பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளை வாங்க வேண்டும். மறுத்தால் அந்த நிதிகளின் முறி வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 சதவீதமாகும். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்ணுக்கு ‘உன் சம்மதமா’ என்று கேட்க யாரும் போகவில்லை. அந்த வாரம் இதுதான் நாட்டுக்கு ஒரே வழி என்று திரையில் விளக்கியவர்களில் எத்தனை பேர், தாங்கள் எந்த வங்கியின் பங்குதாரர் அல்லது ஆலோசகர் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார்கள்?

விமர்சகர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஏழ்மையை அல்ல, இந்த அறிவிப்பைத்தான். ஸகாத் திரட்டப் போன இப்னுல் லுத்பிய்யா, திரும்பி வந்து ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுக்கு, மற்றது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று சொன்ன சம்பவம் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அவர் தன் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். கலீபா உமர் (ரழி) ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களின் சொத்தைப் பதிந்து வைத்தார்கள். பணக்காரர் பேசக்கூடாது என்பதல்ல அதன் கருத்து. எந்த நலனிலிருந்து பேசுகிறார் என்பது சபைக்குத் தெரிய வேண்டும்.

தன் நலனுக்கு எதிராகப் பேசும் பணக்காரரும் உண்டு. 2011இல் வாரன் பபெட், தன் வருமானத்தில் 17.4 சதவீதம்தான் வரியாகப் போகிறது, தன் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் சராசரியாக 36 சதவீதம் கட்டுகிறார்கள், எங்களைப் போன்றவர்களின் வரியைக் கூட்டுங்கள் என்று நியூயோர்க் டைம்ஸில் எழுதினார். பத்து வருடத்துக்குப் பின் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், 2014 முதல் 2018 வரை அவரது சொத்து 24.3 பில்லியன் டொலரால் வளர்ந்தபோது அவர் கட்டிய வருமான வரி 23.7 மில்லியன் டொலர்தான் என்று வெளியிட்டது. சட்டத்தை அவர் மீறவில்லை. பங்கை விற்காதவரை அதன் வளர்ச்சி அங்கே வருமானமே அல்ல. அவர் எழுதிய வாதத்தை இந்தக் கணக்கு பொய்யாக்கவில்லை. வருமான வரியைக் கூட்டுவதால் மட்டும் அவரைப் போன்றவர்களை எட்ட முடியாது என்று காட்டியது.

இங்கும் அப்படித்தான். மாதம் 3 இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ 2020இன் முறைப்படி 3,000 ரூபா கட்டினார். 2023 ஜனவரி முதல் அது 35,000 ஆனது. வரி விலக்கு எல்லை மாதம் ஒன்றரை இலட்சமாக உயர்ந்த பிறகு, 2025 ஏப்ரல் முதல் 18,500 ரூபா. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை விற்று அதே தொகையை ஆதாயமாகப் பெறுபவருக்கு அந்த ஆதாயத்தின் மீது மூலதன ஆதாய வரி கிடையாது. மறுபக்கம், மாதம் 60,000 உழைக்கும் ஒரு தொழிலாளி வற் வரியுள்ள பொருட்களுக்கு 20,000 செலவழித்தால், 18 சதவீத வீதத்தில் அதற்குள் 3,050 ரூபா வரி ஒளிந்திருக்கிறது. அவர் வருமானத்தில் 5 சதவீதம். மாதம் 20 இலட்சம் வருபவர் அதே வகைப் பொருட்களுக்கு 3 இலட்சம் செலவழித்தாலும் அவருக்கு அது 2.3 சதவீதம்தான். 2023இல் நாட்டின் வரி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட மறைமுக வரிகளிலிருந்தே வந்தது. ஆகவே ‘ஏழைகள் வரி கட்டுவதில்லை, நாங்கள்தான் சுமக்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பணக்காரர் என்பதற்காக அல்ல, கணக்கு பிழை என்பதற்காக மறுக்கலாம்.

சொத்து வரி நமக்குப் புதிதும் அல்ல. பண்டாரநாயக்க காலத்தில் நிக்கொலஸ் கல்டோர் என்ற பொருளியலாளரின் ஆலோசனைப்படி 1959இல் சொத்துக்கும் செலவுக்கும் தனித்தனி வரி கொண்டுவரப்பட்டது. பின்னர் அவை கைவிடப்பட்டன. வரிச்சலுகையும் ஒரு அரச செலவுதான் என்பதை யாரும் சொல்வதில்லை. 2021இன் துறைமுக நகர ஆணைக்குழுச் சட்டம் 40 வருடம் வரை வரிவிலக்கு அளிக்க இடம் தந்தது. அஸ்வெசுமவின் ஐயாயிரம் ரூபாவை வீண்செலவு என்பவர் இந்த நாற்பது வருடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால், அவர் பேச்சின் நிறை விளங்கிவிடும். 2019 டிசம்பரில் அவர் என்ன சொன்னார் என்று தேடிப் பார்ப்பதும் அதே அளவு உதவும்.

இதையெல்லாம் கொழும்பு ஏழின் பணக்காரர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்துவது வசதியாக இருக்கும். ஆனால் நம் சமூகத்தில் வியாபாரிகள் நிறையப் பேர். வற் பதிவு எல்லையை வருடத்துக்கு 60 மில்லியனிலிருந்து 36 மில்லியனாகக் குறைக்க 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தபோது, நம் கடைத்தெருக்களிலும் பேச்சு சூடானது. சிறு வியாபாரி கணக்குப்பிள்ளைக்கும் மென்பொருளுக்கும் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது, அதற்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வாடிக்கையாளரிடம் வற் சேர்த்து வாங்கிவிட்டு பில் கொடுக்காமல் விடுவதை அந்த நியாயத்தோடு சேர்க்க முடியாது. அந்தக் காசு கடைக்காரருடையதல்ல, அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ‘நான் ஸகாத் கொடுக்கிறேனே’ என்ற பதிலும் இதற்குப் பொருந்தாது. ஸகாத் யாருக்குப் போக வேண்டும் என்பது குர்ஆனில் எட்டுக் கூட்டத்தாராக வரையறுக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரியின் டயலிசிஸ் இயந்திரம் வரிக் காசில்தான் ஓடுகிறது, நம் வாப்பாமாரும் உம்மாமாரும் அங்கேதான் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது நம் வர்த்தகப் பிரமுகர்களும் ஊடகங்களில் பேசுவார்கள். பேசட்டும். ‘நான் இன்ன பொருளை இறக்குமதி செய்பவன், இந்த வரி எனக்கு இவ்வளவு பாதிப்பு’ என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குபவரின் பேச்சை நான் கடைசி வரை கேட்பேன்.