பனிப்பாளத்தை எடை போட்ட டாமும் ஜெர்ரியும்



லாரியை எடை மேடையில் ஏற்றி எடை போடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். கிரீன்லாந்துத் தீவின் ஐந்தில் நான்கு பங்கை மூடியிருக்கும் பனிப்பாளத்தை எடை போடச் சொன்னால்? சில இடங்களில் அதன் தடிமன் 3 கிலோமீட்டருக்கும் மேல்!

“செயற்கைக்கோளிலிருந்து போட்டோ எடுத்தால் போதாதாப்பா?” என்று நீங்கள் கேட்கலாம். போட்டோவில் பரப்பளவுதான் தெரியும். 2018-ல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசரால் உயரத்தை அளக்கிறது; நாம் லெவலிங் பிராக்டிகலில் ரீடிங் எடுக்கிற மாதிரிதான். ஆனால் அதே உயரத்துக்குப் புதுப்பனி என்றால் எடை குறைவு, இறுகிய பனி என்றால் அதிகம். அப்போ எடையை எப்படி அறிவது?

இங்கேதான் நியூட்டன் கைகொடுக்கிறார். நிறை இருந்தால் ஈர்ப்பு இருக்கும். 2002 மார்ச் 17-ல் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து ‘கிரேஸ்’ என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றையொன்று துரத்திப் பூமியைச் சுற்றியதால் ‘டாம்’, ‘ஜெர்ரி’ என்று செல்லப்பெயர்!

நிறை மிகுந்த இடத்தை நெருங்கும்போது முன்னால் போவது முதலில் இழுக்கப்படும், இடைவெளி கூடும். அது தாண்டியதும் பின்னோக்கி இழுபடும், பின்னால் வருவதோ முன்னோக்கி இழுபடும்; இடைவெளி குறையும். இந்த மாற்றத்தை மைக்ரோவேவ் கருவி மைக்ரான் கணக்கில் அளந்தது. மாதாமாதம் ஒப்பிட்டால் எடை கூடியதா, குறைந்ததா என்று தெரிந்துவிடும். 2017-ல் கிரேஸ் ஓய்ந்தது. 2018 மே 22-ல் ஏவப்பட்ட அடுத்த ஜோடி அதே வேலையை ஏற்றது.

விடை என்ன? 2002 முதல் 2023 வரை கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்தது. சுமார் 36,000 கோடி டன் உருகினால் உலகக் கடல்மட்டம் 1 மி.மீ. உயரும். ஆக, ஆண்டுக்கு முக்கால் மி.மீ., இந்த ஒரு தீவிலிருந்து மட்டும்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பனி குறைந்தால் அதன் ஈர்ப்பும் குறையும். தன் பக்கம் இழுத்து வைத்திருந்த கடல்நீரை அது விட்டுவிடும். அதனால் கிரீன்லாந்துக் கரையில் கடல் இறங்கும். வெகு தொலைவிலுள்ள கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். நம்ம நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் அந்தத் தொலைவில்தான் இருக்கின்றன.

சிவில் மாணவன் என்பதால் எனக்கு இது பெரிதாகப் படுகிறது. சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்துத்தானே நாம் ஆர்.எல். எழுதுகிறோம்? ஃபீல்டு புக்கில் பூஜ்ஜியம் அப்படியே இருக்கும், கடல் இருக்காது. நாளை கரையோரத்தில் பாலமும் ரோடும் போடப்போவது நாம்தான். மேலே சுற்றுகிறவை சொல்வதையும் காதில் வாங்கிக்கொண்டு கட்டுவோம், நண்பர்களே!