ஆகாயத்தை ஏலம் விட்டார்கள்! மலைக் கிராம டெலிவிஷன் என்ன ஆனது?

நிலத்தை ஏலம் விடுவது உண்டு. வீட்டை ஏலம் விடுவது உண்டு. ஆகாயத்தை ஏலம் விட முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் அப்படி ஓர் ஏலம் நடந்தது. 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி, 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முடிந்தது. ஏலம் போன பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர், அலைவரிசை.

டெலிவிஷன் படமும் செல்போன் பேச்சும் ஆகாயத்தில் அலைகளாகச் செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பாதை வேண்டும். ஒரே பாதையில் இரண்டு வந்தால் குழப்பம்தான். அந்தப் பாதைதான் அலைவரிசை.

செல்போன்கள் பெருகின. பாதை போதவில்லை. டெலிவிஷனிடம் இருந்த பாதையில் ஒரு பகுதியை எடுத்து, செல்போனுக்குக் கொடுக்க அரசாங்கம் முடிவு செய்தது. இதற்கான சட்டம் 2012-ம் ஆண்டிலேயே நிறைவேறியது.

கோடி கோடியாகப் பணம்

ஏலத்தில் மொத்தம் 1,980 கோடி டாலர் வசூல் ஆயிற்று. டி-மொபைல் என்ற செல்போன் கம்பெனி மட்டும் சுமார் 800 கோடி டாலர் கொடுத்தது.

பாதையை விட்டுக்கொடுத்த 175 டெலிவிஷன் நிலையங்களுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. 700 கோடி டாலருக்கு மேல் அரசாங்க கஜானாவுக்குப் போயிற்று.

987 நிலையங்கள் வேறு சேனலுக்கு மாற வேண்டி வந்தது. அந்தச் செலவுக்காக அரசாங்கம் 175 கோடி டாலர் ஒதுக்கி வைத்திருந்தது.

குட்டி நிலையங்கள்

ஆனால், இந்தக் கணக்கில் சேராதவர்களும் இருந்தார்கள். அவர்கள்தான் குட்டி நிலையக்காரர்கள்.

யூட்டா, மான்டானா போன்ற மாநிலங்களில் மலைகள் அதிகம். நகரத்து நிலையத்தின் அலை மலையில் மோதி நின்று விடும். மலைக்கு அப்பால் உள்ள கிராமத்துக்குப் படம் தெரியாது. ஆகவே, மலை உச்சியில் ஒரு குட்டி நிலையம் வைத்தார்கள். அது நகரத்து அலையை வாங்கி, வேறு சேனலில் கிராமத்துக்கு அனுப்பும். இவற்றில் பல, உள்ளூர் மக்களின் வரிப்பணத்திலும் நன்கொடையிலும் நடப்பவை.

கேபிள் வராத கிராமத்தில் செய்தியும் புயல் எச்சரிக்கையும் காசில்லாமல் வீட்டுக்கு வருவது இதனால்தான்.

சட்டப்படி இவை இரண்டாம் தரம். வாடகைச் சீட்டு இல்லாத குடித்தனக்காரர் மாதிரி! பெரிய நிலையம் கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். எனவே, ஏலத்தில் பங்கு கிடையாது. இடம் மாறும் செலவுக்கும் முதலில் பணம் கிடையாது.

இரண்டு பக்கமும் இடி

38 முதல் 51 வரை உள்ள சேனல்கள் செல்போனுக்குப் போயின. அங்கே இருந்த குட்டி நிலையங்கள் வெளியேற வேண்டும். கீழ் சேனல்களில் இருந்தவற்றுக்கும் நிம்மதி இல்லை. இடம் மாறி வந்த பெரிய நிலையங்கள் அவற்றையும் நெருக்கின.

செல்போன் கம்பெனி 120 நாள் நோட்டீசு கொடுத்தால் போதும். ஆனால், சேனல் மாறுவது விளையாட்டா? புது ஆன்டெனா வேண்டும். கருவியை மாற்ற வேண்டும். பனிக்காலத்தில் மலை உச்சிக்கு ஏறவே முடியாது! 2017 ஆகஸ்டிலேயே டி-மொபைல் வயோமிங் மாநிலத்தில் புதிய பாதையில் வேலையைத் தொடங்கிவிட்டது.

உதவி வந்தது

பொதுமக்கள் டெலிவிஷனான பி.பி.எஸ். நிகழ்ச்சிகளைக் கிராமங்களுக்கு அனுப்பும் குட்டி நிலையங்களின் மாற்றுச் செலவை ஏற்பதாக, டி-மொபைல் கம்பெனியே 2017-ல் அறிவித்தது. 2018-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் மேலும் 100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 15 கோடி டாலர் வரை குட்டி நிலையங்களுக்கு. பெரிய நிலையங்களின் இடமாற்றம் 2020 ஜூலையில் முடிந்தது.

2023-ல் இன்னொரு சட்டம் வந்தது. சிறிய ஊர்ப்பகுதிகளில் உள்ள குட்டி நிலையங்கள், முதல் தர உரிமை கேட்டு மனுச் செய்ய அது வழி விட்டது. மனுச் செய்யும் காலம் இப்போது முடிந்துவிட்டது. ஒரு நிபந்தனை இருந்தது: வாரம் 3 மணி நேரமாவது உள்ளூரில் தயாரித்த நிகழ்ச்சி இருக்க வேண்டும்.

நகரத்துப் படத்தை வாங்கி அனுப்புவது மட்டுமே மலை உச்சி நிலையத்தின் வேலை. சொந்த நிகழ்ச்சிக்கு அது எங்கே போகும்? அதற்கு இன்றும் வாடகைச் சீட்டு இல்லை!