மெள்ள நகரும் புயலும் ஏரிக் கலங்கலும்

புயலென்றால் காற்றுக்கே அஞ்சுகிறோம். மெள்ள நகரும் புயலிலோ மழையே பெரும் நஷ்டம் விளைவிக்கும். மணிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் 5 மணி நேரம் பெய்தால் மழை 10 சென்டிமீட்டர். புயல் தயங்கி நின்று 20 மணி நேரம் பெய்தால் 40.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையோரம் மெள்ளச் சென்றபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. அம்பத்தூர் ஏரியின் உபரி ஜலம் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்லவேண்டும். கால்வாய் தூர்ந்திருப்பின் அது வீடுகளுக்குள் புகும்.

ஆகையால் அங்கத்தினர்கள் புரட்டாசியிலேயே கலங்கலையும் கால்வாயையும் பார்வையிட்டு, அடைப்பிருப்பின் நீர்வளத் துறைக்கு மனுச் செய்வார்களாக. சங்கக் கணக்குப் புஸ்தகங்களையும் கடன் பத்திரங்களையும் உயரமான இடத்தில் வைப்பார்களாக. அவை நனைந்து அழிந்தால், கடனைச் செலுத்தியவருக்கும் செலுத்தாதவருக்கும் பேதம் காட்டச் சாட்சியிராது.