மார்கழி, டிரவுட் மீனின் பேறுகாலம்

மார்கழிக் காலையில் துடியலூர் வட்டாரக் குளக்கரைகளில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அவசரம் கிடையாது. மண்புழுவும் மைதா உருண்டையும் தயாராக இருந்தாலும், "வெயில் ஏறட்டுமுங்க, அப்புறந்தான் கடிக்கும்" என்று காத்திருப்பார்கள். தக்கை அசையாமல் மிதக்கும். மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்றில்லை. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும், செரிமானம் மந்தமாகும், பசி அடங்கிவிடும். கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவை. கோவைக் குளிர் ஊட்டிக்காரர்களுக்குக் குளிரே இல்லை, ஆனால் இந்த மீன்களுக்கு அதுவே அதிகம்.

அதே கரையில் நின்று வடக்கே பார்த்தால், பனிமூட்டம் விலகும் நேரத்தில் நீலமலை தெரியும். அந்த மலைக்கு மேலே, ஊட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது அவலாஞ்சி. அங்கே மார்கழியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். அந்த ஓடைகளில் வாழும் ஒரு மீனுக்குக் குளிர்தான் உயிர். வானவில் டிரவுட் என்பது அதன் பெயர். பக்கவாட்டில் செவ்வரி ஓட, உடம்பெங்கும் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். தண்ணீர் 10 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். 25-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும். டிரவுட்டுக்கு அது குறையவே கூடாது.

இந்த மீன் நம் மலையில் பிறந்ததல்ல. அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையும் ரஷ்யாவின் கம்சட்காவும். தூண்டில் பிரியர்களான வெள்ளைக்காரர்கள் நீலகிரியின் தண்ணீரைப் பார்த்ததும் தங்கள் ஊர் ஓடைகளை நினைத்துக்கொண்டார்கள். சென்னை ராணுவ மருத்துவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே 1860-களிலேயே டிரவுட் முட்டைகளை இங்கு கொண்டுவர முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்காத காலம் அது. இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு அத்தனை தூரம் முட்டையைக் குளிரில் காப்பாற்றுவது நடக்கிற காரியமாக இல்லை. முயற்சி தோற்றது.

வெற்றி கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. சென்னை அரசு மீன்வளர்ப்பு வல்லுநராக நியமித்த ஹென்றி சார்லஸ் வில்சன் என்பவர், இலங்கை, நியூசிலாந்து முதலிய இடங்களிலிருந்து வானவில் டிரவுட்டை வரவழைத்தார். 1907-ல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் எழுந்தது. ஊட்டிக்கு மலை ரயில் வந்து சேர்ந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான். காஷ்மீர் சற்று முந்திக்கொண்டது. 1899-ல் அங்கு அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிய, மறு ஆண்டு வந்தவை பிழைத்தன. மூணாறும் நுவரெலியாவும் இதே கதையைத் தங்கள் மலைகளில் எழுதிக்கொண்டன. தேயிலை போன மலைகள் பலவற்றுக்கு டிரவுட்டும் போயிருக்கிறது.

மேலை நாடுகளில் குளிர்கால மீன்பிடிப்பு பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டிலை இறக்கி, டிரவுட்டுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். நீலகிரியில் அந்த ஆசை கூடாது. காரணம் எளிது: இங்கே மார்கழிதான் அந்த மீனுக்குப் பேறுகாலம். காஷ்மீரில் டிரவுட் தூண்டில் அனுமதி ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரோடு முடிவதும் அதே காரணத்தால்தான்.

டிரவுட் பொரிப்பகத்தில் இந்தப் பேறு நடக்கும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று. சினை முற்றிய பெண் மீனை ஈரம் ஒற்றி எடுத்து, துணியில் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக விரலால் மெல்ல வருடுவார்கள். ஊறிய ஜவ்வரிசியைவிடச் சற்றுப் பெரிய, ஆரஞ்சு சாயல் கொண்ட முட்டைகள் சொட்டுத் தண்ணீர் இல்லாத பேசினில் பொலபொலவென்று விழும். ஒரு கிலோ எடையுள்ள மீன் ஆயிரத்துக்கு மேல் முட்டை தரும். அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி, பறவை இறகால் கலக்குவார்கள். கைபட்டால் நசுங்கிவிடும், கரண்டி பட்டால் கீறிவிடும், இறகுதான் சரி. அதன் பிறகே தண்ணீர் சேர்ப்பார்கள்.

பிறகு பொறுமை. ஓடும் நீரில் தட்டுகளை அடுக்கி, வெளிச்சம் படாமல் மூடி வைக்க வேண்டும். செத்த முட்டை வெளுத்துவிடும். பூஞ்சை மற்றவற்றுக்குப் பரவுமுன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். சில வாரங்களில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், அவைதான் குஞ்சின் கண்கள். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வந்த குஞ்சும் உடனே நீந்தாது. வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பையை உறிஞ்சியபடி அடியில் கிடக்கும்.

இத்தனை பரிவோடு வளர்க்கும் மீனை எல்லா ஓடைகளிலும் விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். விடக்கூடாது. உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் வானவில் டிரவுட்டும் இருக்கிறது. அமெரிக்கர்கள் கொண்டாடும் பெருவாய் பாஸ் மீனும், 1952-ல் இந்தியாவுக்கு வந்து இன்று கோவைக் குளங்களை நிறைத்திருக்கும் ஜிலேபியும் அதே பட்டியலில்தான் வருகின்றன. புதிதாக நுழைகிற மீன் பூச்சியைத் தின்னும், தவளைக் குஞ்சைத் தின்னும், உள்ளூர் மீனின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நூற்றாண்டு கடந்த அவலாஞ்சிப் பொரிப்பகம் காப்பாற்றப்பட வேண்டும், ஆனால் டிரவுட் இன்னொரு புது ஓடைக்குப் போகவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையில் டிரவுட்டைக் காப்பது பொரிப்பகம் மட்டுமல்ல. சோலைக்காட்டின் நிழலும், மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடும் புல்வெளியும்தான் ஓடையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியைச் சீகை மரமும் யூகலிப்டஸும் விழுங்கிவிட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையைத் தாங்கிப் பிடிக்கப் புல்லும் சோலையும் வேண்டும்.

இது மலைக்காரர்களின் கவலை மட்டுமில்லை. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா ஆற்றின் வழியாக இறங்கிப் பவானியில் சேர்ந்து பில்லூர் அணைக்கு வருகிறது. கோவை மாநகரின் குழாய்களில் வரும் பில்லூர் தண்ணீரில் டிரவுட் நீந்திய ஓடையின் பங்கும் உண்டு.

ஆகவே, மார்கழி விடுமுறையில் மேட்டுப்பாளையம் சாலை வழியாக ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். ஓடைக்கரையில் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். திரும்பி வந்த பிறகு, வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன மீனை ஊர்க் குளத்தில் விடாதீர்கள். மலையில் மார்கழியில் இட்ட முட்டைகள் தையில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் நீந்தத் தொடங்க மாசி ஆகிவிடும்.