ஒரு ஃபைலுக்குள் அப்பாவின் கொம்பியூட்டர்

இந்தக் கிழமை எபிசோட்டில வெர்ச்சுவல் ஹார்ட் டிஸ்க் பற்றிக் கேள்வி வந்தபோது, "அதை நியூஸ்லெட்டரில எழுதுறன்" என்று சொல்லித் தப்பினனான். மைக்குக்கு முன்னால சொல்ல வெட்கமான ஒரு கதை அதுக்குள்ள இருக்கு. எழுதினால் கொஞ்சம் சுலபம்.

முதலில் ஏன் இப்ப என்று சொல்லிவிடுறன். விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதுக்குப் பிறகு எனக்கு வாற மெசேஜ் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "அண்ணா, அப்பாவின்ட பழைய கொம்பியூட்டரை எறியப் போறம். முதல்ல என்ன செய்ய வேணும்?" எறியிறதுக்கு முதல் வாசியுங்கோ.

எங்கட வீட்டு பேஸ்மென்ட்

நான் வளர்ந்தது ஸ்காபரோவில. அப்பா பகலில ஃபாக்டரி வேலை, இரவில பேஸ்மென்டில டைப்செட்டிங். கல்யாணக் காட், கோயில் நோட்டீஸ், எல்லாத்தையும் விடக் கூடுதலாக கல்வெட்டு. உங்களில சிலருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். எங்கட ஆக்களில ஒருத்தர் செத்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வாற எல்லாருக்கும் ஒரு சின்னப் புத்தகம் குடுப்பினம். முன்பக்கத்தில படம், உள்ளே தேவாரம், அவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில நன்றி. நினைவு மலர் என்றும் சொல்லுவினம். ஆர் ஆருக்கு என்ன முறை, எந்த ஊரில ஆர் ஆரைக் கட்டினது என்ற விபரம் எங்கட சனத்திட்ட எழுத்தில இருக்கிற இடங்களில இதுவும் ஒன்று.

அப்பா இதை எல்லாம் செய்தது விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரில, பேஜ்மேக்கரில, பாமினி எழுத்துருவில. பாமினி யூனிகோட் இல்லை. அதில ஆங்கில எழுத்துகளுக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்தி வைச்சிருக்கு. அப்பா "அம்மா" என்று அடிச்சால் கொம்பியூட்டர் சேமிக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். ஆகவே ஃபைலை மட்டும் கொப்பி பண்ணினால் காணாது. எழுத்துரு, பேஜ்மேக்கர், எக்ஸ்பி எல்லாம் சேர்ந்து வேணும்.

2010இல அந்தக் கொம்பியூட்டரின் டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தம் போடத் தொடங்கிச்சு. நான் அப்ப யூனிவர்சிட்டியில கொம்பியூட்டர் சயன்ஸ். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மைக்ரோசாஃப்ட்டின் சிசின்டேர்னல்ஸ் பிரிவு அதுக்கு முதல் வருசம் டிஸ்க்2விஎச்டி என்று ஒரு இலவச ப்ரோக்ராம் விட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற கொம்பியூட்டரின் முழு டிஸ்க்கையும் ஒரே ஒரு ஃபைலாக எழுதித் தரும். அந்த ஃபைல்தான் வி.எச்.டி., அதாவது வெர்ச்சுவல் ஹார்ட் டிஸ்க். அதைப் புது விண்டோஸ் 7 மெஷினுக்கு மாற்றி, வெர்ச்சுவல்பாக்ஸில போட்டு ஓடவிட்டன். அப்பாவின்ட பழைய டெஸ்க்டொப் ஒரு ஜன்னலுக்குள்ள அப்படியே வந்துது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "என்னடா, எல்லாம் இருக்கு!" என்றார்.

அந்த ஃபைலின் ஒரு கொப்பியை எக்ஸ்டேர்னல் டிரைவில போட்டு லாச்சிக்குள்ள வைச்சன். வெர்ச்சுவல்பாக்ஸில ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்தன். பேக்கப் முடிஞ்சுது என்று நினைச்சன்.

2013 டிசம்பர்

2012இல அப்பம்மா செத்துப் போனா. கடைசி இரண்டு வருசம் அவ சொல்லச் சொல்ல அப்பா இரவிரவாக அடிச்சு வைச்சிருந்தார்: எங்கட ஊர், நாலு தலைமுறைப் பெயர்கள், எந்தக் காணி எப்படி வந்தது, ஆர் மலாயாவுக்குப் போனது, ஆர் திரும்பி வரேல்லை. எல்லாம் ஒரு 40 பக்கம். கல்வெட்டில 12 பக்கத்துக்குத்தான் இடம். மிச்சத்தைத் தனிப் புத்தகமாகப் போடுவம் என்று வைச்சிருந்தார்.

2013 டிசம்பர் 21 இரவு ரொறன்ரோவில ஐஸ் மழை. உங்களில கொஞ்சப் பேருக்கு அந்த ஐஸ் ஸ்டோர்ம் சின்ன வயது ஞாபகமாக இருக்கும். மரங்கள் முறிஞ்சு வயர்களில விழுந்து, நகரத்தில 3 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்கட வீட்டில நாலு நாள் இருட்டு. கரண்ட் போன நிமிசம் அப்பா எக்ஸ்பிக்குள்ள வேலை செய்துகொண்டிருந்தவர்.

கரண்ட் வந்த பிறகு எக்ஸ்பி திறக்கேல்லை. இதுவரைக்கும் ஐஸ் மழையின் பிழை. இனி வாறது என்னுடைய பிழை.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் என்ன நடக்குது என்று எனக்கு அப்ப வடிவாக விளங்கேல்லை. ஸ்னாப்ஷாட் இன்னொரு கொப்பி இல்லை. அந்த நிமிசத்தில மூல ஃபைல் உறைஞ்சு நிற்கும். அதுக்குப் பிறகு எழுதுற எல்லாம் இரண்டாவது ஃபைல் ஒன்றுக்குப் போகும். அதை டிஃபரன்சிங் டிஸ்க் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேல டிரேசிங் பேப்பர் வைச்சுத் திருத்தம் எழுதுற மாதிரி. கீழ இருக்கிற பக்கம் அசையாத வரைக்கும்தான் மேல எழுதினதுக்கு அர்த்தம். மூன்று வருச வேலை முழுக்க அந்த டிரேசிங் பேப்பரில இருந்தது.

நான் செய்தது: மூல வி.எச்.டி.யை நேரே விண்டோஸ் 7இல மவுண்ட் பண்ணினன். மவுண்ட் பண்ணுற பெட்டியிலேயே "ரீட்-ஒன்லி" என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. டிக் பண்ணேல்லை. "இந்த டிஸ்க்கில பிழை இருக்கலாம், சரி செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டது. ஓம் என்றன். அது கீழ இருந்த பக்கத்தையே மாற்றி எழுதிச்சு. அதுக்குப் பிறகு மேல இருந்த திருத்தங்கள் எதோடயும் பொருந்தேல்லை.

தொடுறதுக்கு முதல் இரண்டு ஃபைலையும் வேற டிரைவுக்குக் கொப்பி பண்ணியிருந்தால், ஆரையாவது பிடிச்சுக் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். ஒரு கொப்பி. அரை மணித்தியால வேலை.

லாச்சிக்குள்ள இருந்த டிரைவில 2010ஆம் ஆண்டுக் கொம்பியூட்டர் பத்திரமாக இருந்தது. அதில அப்பம்மா சொன்ன ஒரு வரியும் இல்லை.

எது தப்பிச்சுது

கல்வெட்டில அச்சான 12 பக்கமும் தப்பிச்சுது. 200 பிரதி அடிச்சது. மார்க்கத்தில மாமி வீட்டில ஒன்று, லண்டனில ஒன்று, யாழ்ப்பாணத்தில ஒன்று என்று கேட்ட இடமெல்லாம் இருந்தது. மிச்ச 28 பக்கம் ஒரு டிஸ்க்கில, ஒரு மேசைக்குக் கீழ, ஒரே ஒரு பிரதி.

அப்பா என்னை ஏசேல்லை. இரண்டு மூன்று தடவை ஞாபகத்தில இருந்து எழுதிப் பார்த்தார். தன்ட அப்பாவின்ட சகோதரிமாரில இரண்டு பேரின் பெயர் வரேல்லை. கேட்கிறதுக்கு அப்பம்மா இல்லை.

யாழ்ப்பாண நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்ட கதையை நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்தனாங்கள். ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். அதில வேற இடத்தில பிரதி இருந்த புத்தகத்தைத் திரும்பவும் தேடி எடுக்கலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டை எடுக்க ஏலாது. 2005இல தொடங்கின நூலகம் டிஜிட்டல் நூலகத்தில இன்றைக்குப் புத்தகங்களோட கல்வெட்டுகளும் ஸ்கான் பண்ணி ஏற்றியிருக்கினம். ஆரோ ஒருத்தரின் 31ஆம் நாள் புத்தகம் அங்கே ஏன் இருக்கு என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கு விளங்கேல்லை. 2013க்குப் பிறகு விளங்கிச்சு.

இப்ப நான் செய்யிறது

முதலாவது, ஃபோர்மட். பழைய வி.எச்.டி. 2 டெராபைட்டுக்குக் கிட்டத்தான் போகும். எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் தன்ட உள் அட்டவணையைத் திருத்த அதிட்ட வழி இல்லை. 2012இல வந்த வி.எச்.டி.எக்ஸ். 64 டெராபைட் வரைக்கும் போகும். அட்டவணையில செய்யிற மாற்றத்தை முதலில ஒரு லொக்கில குறிச்சு வைக்கும். புதுசாகச் செய்தால் இதைத் தெரிவு செய்யுங்கோ. ஆனால் அது காப்பாற்றுறது டிஸ்க்கின் அமைப்பைத்தான். நீங்கள் சேவ் பண்ணாத பக்கத்தை இல்லை. வெர்ச்சுவல்பாக்ஸ் பாவிக்கிறவை அதின்ட சொந்த வி.டி.ஐ. ஃபோர்மட்டில இருக்கலாம்.

இரண்டாவது, கொம்பியூட்டர் வேற, வேலை வேற. இதுதான் எனக்கு முக்கியம். 60 கிகாபைட் ஃபைலுக்குள்ள ஒரு எழுத்தை மாற்றினாலும், பல பேக்கப் ப்ரோக்ராமுக்கு அது முழுக்கப் புது ஃபைல்தான். திரும்ப 60 கிகாபைட். இரண்டு கிழமையில உங்களுக்கு அலுத்துவிடும், நிப்பாட்டிவிடுவீங்கள். ஆகவே எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் ஒரு டிஸ்க்கில. அது மாறுறதில்லை, ஒரு தடவை கொப்பி பண்ணினால் போதும். அப்பாவின்ட வேலை எல்லாம் ஷேர்ட் ஃபோல்டரில, வெளியில. அது சின்னது, ஒவ்வொரு இரவும் தன்னால பேக்கப் ஆகும்.

மூன்றாவது, ஷட்டவுன் பண்ணிப்போட்டுத்தான் கொப்பி. ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க் ஃபைலைச் சும்மா கொப்பி பண்ணினால் பாதி பழசு, பாதி புதுசாக வரும். இதே காரணத்துக்காக அதை வன்டிரைவ் மாதிரி சிங்க் ஆகிற ஃபோல்டருக்குள்ள வைச்சு ஓட்டாதேங்கோ.

நாலாவது, 3-2-1. பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கின கணக்கு: மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்று வீட்டுக்கு வெளியில. எங்கட வீட்டில ஒன்று கொம்பியூட்டரில, ஒன்று வயரைக் கழட்டி வைச்ச எக்ஸ்டேர்னல் டிரைவில, ஒன்று ஏஜாக்ஸில அண்ணா வீட்டில. சாப்பிடப் போகேக்க டிரைவை மாற்றிக்கொண்டு வருவன். வயரைக் கழட்டி வைக்கிறது ஏனெண்டால், ரான்சம்வேர் வந்தால் கொழுவியிருக்கிற டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஐந்தாவது, திறந்து பார்க்கிறது. ஒவ்வொரு வருசமும் அப்பம்மாவின்ட திவசத்துக்கு முதல் சனிக்கிழமை, ஏஜாக்ஸ் டிரைவில இருக்கிற ஃபைலை வேற ஒரு லப்டொப்பில போட்டு, எக்ஸ்பியைத் திறந்து, ஒரு கல்வெட்டைப் பிரின்ட் எடுக்கிறன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் இப்ப பேக்கப் என்று சொல்லுறதில்லை. அந்த எக்ஸ்பிக்கு இன்டர்நெட் குடுக்கிறதும் இல்லை. அதின்ட சப்போர்ட் 2014 ஏப்ரலிலேயே முடிஞ்சுது.

கடைசியாக, எல்லாத்தையும் பி.டி.எஃப். ஆக்கி, பாமினியை யூனிகோடாக மாற்றி வைச்சிருக்கிறன். வெர்ச்சுவல் டிஸ்க் கொம்பியூட்டரைக் காப்பாற்றும். ஆனால் 20 வருசத்தால உங்கட பிள்ளை எக்ஸ்பி திறந்து பேஜ்மேக்கர் தேடும் என்று நம்பாதேங்கோ.

நீங்கள் செய்ய வேண்டியது

பழைய கொம்பியூட்டர் இன்னும் ஓடுது என்றால், வெறும் எக்ஸ்டேர்னல் டிரைவ் ஒன்றைக் கொழுவி, டிஸ்க்2விஎச்டியால அதில எழுதுங்கோ. அதே டிஸ்க்கில எழுதாதேங்கோ. முடிஞ்ச உடனே ஒரு கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை மட்டும் ரீட்-ஒன்லியாகத் திறந்து பாருங்கோ. விண்டோஸ் ஹோம் எடிஷனிலயும் டிஸ்க் மேனேஜ்மென்டில இது செய்யலாம். அந்த ஃபைலுக்குள்ள அப்பாவின்ட டாக்ஸ் பேப்பர், பாஸ்வேட் எல்லாம் இருக்கும் என்றதால, டிரைவை என்கிரிப்ட் பண்ணி, சாவியைப் பேப்பரில எழுதி அம்மாவிட்டக் குடுங்கோ.

கோட் எழுதுற ஆக்களுக்கு இன்னொன்று. டபிள்யூ.எஸ்.எல்.2 பாவிச்சால் உங்கட லினக்ஸ் முழுக்க ஒரு வி.எச்.டி.எக்ஸ். ஃபைலுக்குள்ளதான் இருக்கு. டொக்யூமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பேக்கப் பண்ணினால் அது வராது. எக்ஸ்போர்ட் கட்டளையால வெளியில எடுத்து வையுங்கோ.

எல்லாம் செய்த பிறகு கொம்பியூட்டரை எறியுங்கோ. ஆனால் அதுக்கு முதல் ஒரு பின்னேரம் அப்பாவையோ அம்மாவையோ அதுக்கு முன்னால இருத்தி, "இதில என்ன இருக்கு?" என்று கேளுங்கோ. எந்த ஃபோல்டர் முக்கியம் என்று அவைக்குத்தான் தெரியும்.

கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.