ரீசெட் அடிக்கப் போறீங்களா? ஃபான்ட் பத்திரம் பாஸ்!

வீட்ல யாராவது "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ"ன்னு புலம்பினா, இன்ஜினீயரிங் படிக்கிற நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. நாமளும் "ரீசெட் போட்டா புதுசாயிடும்"னு கெத்தா சொல்லிடுவோம். நானும் சொன்னேன். சொன்ன இடம், வண்ணார்பேட்டையில இருக்கிற எங்க சித்தப்பாவோட டி.டி.பி. கடை!

அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். செட்டிங்ஸ், ரெக்கவரி, 'ரீசெட் திஸ் பிசி', 'கீப் மை ஃபைல்ஸ்'... வரிசையா க்ளிக் பண்ணினேன். "ஒரு ஃபைலும் போகாது சித்தப்பா"ன்னு சத்தியமும் பண்ணினேன்.

ஃபைல் போகலை. பேஜ்மேக்கரை சிடியில இருந்து மறுபடி ஏத்தி, ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தேன். 'ஃபான்ட் இல்லை'ன்னு ஒரு பெட்டி வந்தது. படிக்காமலே ஓகே அடிச்சேன். மணமகள் பேர் இருந்த இடத்துல ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் வரிசை கட்டி நின்னுச்சு!

அது மூத்த பொண்ணுக்கு அடிச்ச பத்திரிகை. அதுல பேரையும் தேதியையும் மாத்தி, இளைய பொண்ணுக்கு அன்னிக்கு சாயங்காலமே ப்ரூஃப் கொடுக்கணும்.

"ஏல, என்னலே பண்ணி வச்சிருக்கே?" சித்தப்பா குரல்ல கோபத்தைவிட பயம்தான் அதிகம். 15 வருஷ உழைப்பு அந்த டப்பாவுக்குள்ள இருக்கே!

என்னதான் ஆச்சு?

'கீப் மை ஃபைல்ஸ்' நம்ம ஃபைல்களை மட்டும்தான் காப்பாத்தும். நாம ஏத்தின மென்பொருளும், விண்டோஸுக்குள்ள சேர்த்த ஃபான்ட்டும் காலி. பழைய தமிழ் ஃபான்ட் எல்லாமே ஒரு முகமூடி மாதிரி. பாமினியில 'தமிழ்'னு அடிச்சா, உள்ளே பதிவாகிறது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். அதுக்கு மேலே தமிழ் முகத்தை மாட்டுறது ஃபான்ட். அது போனா, வேஷம் கலைஞ்சிடும்.

யூனிகோடில் அப்படி இல்லை. 'த'வுக்குன்னே 2980-ன்னு தனி எண் இருக்கு. எந்த தமிழ் யூனிகோட் ஃபான்ட் போட்டாலும் 'த', 'த'தான். 1991-லேயே யூனிகோடில் தமிழ் வந்தாச்சு. தமிழக அரசு 1999-ல் டாப், டாம் முறைகளை அறிவிச்சு, 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. ஆனா, பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாதே! அதை நம்பியிருக்கிற கடைகள்ல பழைய ஃபான்ட்தான் ராஜா.

ரீசெட்டுக்கு முன்னாடி...

* சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை பென் டிரைவ்ல காப்பி எடுங்க. தமிழ் டைப்பிங் மென்பொருள், சிடி, சீரியல் நம்பர் கையில இருக்கான்னு பாருங்க.

* முக்கியமான பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி வைங்க. ஃபான்ட்டை அதுக்குள்ளேயே பதிச்சிட்டா, எந்த கம்ப்யூட்டர்லயும் படிக்கலாம்.

* கம்பெனி கம்ப்யூட்டர்னா, ஹெச்.பி.யில எஃப்11, ஏசர்ல ஆல்ட்-எஃப்10 மாதிரி கீ மூலமா வாங்கின நாள் நிலைமைக்குக் கொண்டுபோகலாம். முழு ரெக்கவரி கொடுத்தா எல்லாமே அழியும், ஜாக்கிரதை! அசெம்பிள் பண்ணினதுல பொதுவா இந்த வசதி கிடையாது. விண்டோஸுக்குள்ளேயே ரீசெட் வந்தது 2012-ல், விண்டோஸ் 8-லதான்.

* விற்கப் போறீங்கன்னா 'ரிமூவ் எவ்ரிதிங்' மட்டும் போதாது, டிரைவை முழுசா சுத்தம் பண்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுங்க.

* ரீசெட் வேகம் தரலாம், ஆயுள் தராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு.

சரி, கல்யாணம் என்னாச்சு? டிராயரைக் கவிழ்த்துத் தேடினதுல, எழுத்து அழிஞ்ச ஒரு சிடியில பழைய ஃபான்ட்கள் கிடைச்சுது. ஏத்தினதும் மணமகள் தமிழுக்குத் திரும்பினாங்க! ஒரே ஒரு அலங்கார ஃபான்ட் மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த வரிகளை வேற எழுத்துல மறுபடி அடிச்சு, ராத்திரி எட்டு மணிக்கு ப்ரூஃப் கொடுத்தோம்.

"இனிமே கை வைக்கதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுல"ன்னார் சித்தப்பா. கேட்டிருந்தா, எந்தப் பத்திரிகைக்கு எந்த ஃபான்ட்னு மனப்பாடமாவே சொல்லியிருப்பார். நீங்களாவது கேட்டுட்டு ரீசெட் அடிங்க பாஸ்!