காகிதத்தில் அப்பா, மரபணுவில் அம்மா

புளியங்குடிக்குப் பக்கத்துல இருக்கிற வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1767-ல் தாக்கிய கும்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் கர்னல் டொனால்ட் கேம்பெல். பூலித்தேவர் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். கேம்பெல் என்பது அசல் ஸ்காட்லாந்துப் பெயர். கேலிக் மொழியில் 'கோணவாய்' என்று அர்த்தமாம். நம்ம ஊர்ல பட்டப்பெயர் ஒட்டிக்கிட்டு அப்புறம் வீட்டுப் பெயராவே ஆயிடுமே, அந்தக் கதைதான்.

கேம்பெல் மட்டும் இல்லை. கவர்னர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி லூயிஸ் தீவுக்காரர். பெரிய அதிகாரிகளை விடுங்க, பெயர் தெரியாத சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு இங்கேயே குடும்பம் இருந்தது. அந்த வாரிசுகள் இன்று தங்கள் ஸ்காட்லாந்து வேரைத் தேடினால் எதுவரை போக முடியும்? கொஞ்ச நாளா என்னைக் குடையுற கேள்வி இது.

முதலில் காகிதம். அப்பா பக்கம் தேடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து பக்கம் 1855 முதல் அரசுப் பதிவு, அதற்கு முன்னால் பங்குத் தேவாலயப் பதிவேடு. 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் காசு கட்டி வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கே 1855-க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழில் இறந்தவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்கூட இருக்கும்.

நம்ம பக்கத்துப் பதிவுகளில் அடிவாங்குவது அந்த இடம்தான். கும்பெனிக் காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பாவின் பெயர், பட்டாளம், பதவி எல்லாம் இருக்கும். அம்மா இந்தியப் பெண் என்றால் பல நேரம் அந்த இடம் காலி, இல்லாட்டி 'சுதேசிப் பெண்' என்று ஒரு சொல். 1789-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற சென்னை எழும்பூர் 'ஆண் அனாதை'ப் பள்ளியை எடுத்துக்குங்க. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'மெட்ராஸ் முறை'யை அவர் உருவாக்கிய இடம். கல்வி வரலாற்றில் பெரிய பெயர். ஆனால் அங்கே படித்தவர்கள் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். நிறையப் பேருக்கு அம்மா உள்ளூர்ப் பெண். அம்மா உயிரோடு இருந்தாலும் கணக்கில் பிள்ளை 'அனாதை'தான்!

காகிதம் கைவிட்ட இடத்தில் மரபணு உதவுமா? நம்ம பாஷையில் சொன்னா, இது ஒரே திசையில் போகும் இரண்டு 'லிங்க்டு லிஸ்ட்'. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மகள் வழியாக மட்டுமே தொடரும்.

இதற்கு நல்ல உதாரணம் சூரத்தில் கிடைக்கிறது. அபர்டீன்ஷயரைச் சேர்ந்த தியோடர் ஃபோர்ப்ஸ் 1810-களில் அங்கே கும்பெனி வேலையில் இருந்தார். அவருடன் வாழ்ந்தவர் எலிசா கேவார்க். 1812-ல் பிறந்த மகள் கேத்தரீனைச் சின்ன வயசிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1820-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே ஃபோர்ப்ஸ் இறந்தார். அவருடைய உயிலில் எலிசா யார் தெரியுமா? 'வீட்டுப் பராமரிப்பாளர்'. ஸ்காட்லாந்தில் வளர்ந்த கேத்தரீனின் மகள், அவர் மகள் என்று அந்த வரிசை இளவரசி டயானா வரை நேராகப் போகிறது.

குடும்பத்தில் எலிசாவை ஆர்மீனியப் பெண் என்றே சொல்லிவந்தார்கள். 2013-ல் அதே பெண்வழியில் வந்த இரண்டு உறவினர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். கிடைத்தது ஆர்30பி என்ற மைட்டோகாண்ட்ரியா வகை. மிக அரிதானது, அதுவும் தெற்காசியாவுக்கு உரியது. எலிசாவின் தகப்பன் வழி ஆர்மீனியமாக இருக்கலாம். தாய்வழி இந்தியா என்பது உறுதியாயிற்று. உயில் மறைத்ததை எச்சில் சொல்லிடுச்சு. வில்லியத்திடம் இருக்கும் அந்த மைட்டோகாண்ட்ரியா அவரோடு நின்றுவிடும், அவர் பிள்ளைகளுக்குப் போகாது.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஸ்காட்லாந்து பக்கம் தேடினா கதை தலைகீழ். ஆண்வழி அறுபடாமல் வந்திருந்தால் ஒய் குரோமோசோமில் ஆர்1பி-எம்269 தென்படலாம். தமிழ்நாட்டில் அது அபூர்வம், ஸ்காட்லாந்தில் சர்வசாதாரணம். உடனே குதிக்கக் கூடாது. தூத்துக்குடிக்கு வந்த போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரரிடமும் அது உண்டு. எல்21 என்ற கிளை வந்தால் இன்னும் நெருங்கலாம், ஆனால் ஐரிஷ்காரர்களுக்கும் அதுதான். கேம்பெல் என்ற பெயர் ஒத்துப்போனாலும் போதாது. தலைவரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டவர்கள் ஸ்காட்லாந்து குலங்களில் ஏராளம்.

நடுவில் ஒரு தலைமுறை பெண் வழியாக வந்திருந்தால் ஒய் கிடையாது. மிச்ச குரோமோசோம்களில் பங்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகும். ஏழு தலைமுறையில் 128-ல் ஒரு பங்கு, சராசரியாக 0.8 சதவீதத்துக்கும் கீழே. சோதனைக் கம்பெனிகள் அனுப்பும் வண்ண வரைபடத்தில் '1% ஸ்காட்லாந்து' என்று வந்தால் நான் பெரிசா நம்ப மாட்டேன். அது வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.

அம்மா பக்கமோ, மைட்டோகாண்ட்ரியா 'இவள் இந்தியப் பெண்' என்பதோடு நிற்கும். எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லாது. அதற்குத் திரும்பவும் காகிதத்துக்குத்தான் வரணும். ஞானஸ்நானப் பதிவில் பெயர் இல்லாத பெண்ணுக்கு, சாகும்போது அந்த ஆள் கொஞ்சம் பணம் எழுதிவைத்திருந்தால், யாருக்கு என்று பெயரைச் சொல்லித்தானே ஆகணும்? தேடுறவங்க கும்பெனிக் கால உயில்களை முதல்ல பாருங்க. பிரிட்டிஷ் நூலகத்தில் அவையும் இருக்கு. 'மனைவி' என்ற சொல்லைத் தேடாதீங்க, 'வீட்டுப் பராமரிப்பாளர்' என்று தேடுங்க.